பழைய காருக்கு மறு வயரிங்: ஃபியூஸ் பெட்டிக்கு இடம் பார்க்கும் முறை – முழுமையான வழிகாட்டி

ஃபியூஸ் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எங்கே மாட்டுவது, அண்ணே?" என்று கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் வீட்டு வாசலுக்கு வருபவர்கள்தான் அதிகம். பெண் பார்க்குமுன் மண்டபம் பிடித்த கதை அது. எத்தனை ஃபியூஸ், எந்த அளவுப் பெட்டி, வயர் மேலிருந்து நுழைவதா கீழிருந்து நுழைவதா என்பதையெல்லாம் இடம்தான் சொல்லும். அதனால் பெட்டியை வாங்குவது இந்த வழிகாட்டியில் ஏழாவது படிக்குப் பிறகுதான் வருகிறது.

என்னுடைய மோரிஸ் மைனர் 1000 காரை வைத்தே படிகளைச் சொல்கிறேன். வலப்பக்க ஓட்டுநர், பானட்டுக்குள் பேட்டரி, இரண்டே ஃபியூஸ்கள், தலைவிளக்குகளுக்கு ஃபியூஸே இல்லை: இதுதான் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை. மினி, பீட்டல் கார்கள் மாறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் காருக்குரிய வயரிங் வரைபடம், மல்டிமீட்டர், பழைய நாளிதழ்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய், ஐந்து மீட்டர் சணல் கயிறு, மைலோ பொட்டலம் போன்ற கெட்டி அட்டை, டார்ச் விளக்கு, நோட்டுப் புத்தகம். துளையிடும் கருவியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அருகில் இருந்தால் கை அரிக்கும்.

பழைய வயர்க் கட்டை இன்னும் கழற்றாதீர்கள். புதியவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் வெட்டி எடுத்துத் தரையில் குவித்துவிடுகிறார்கள். பழைய கட்டு எந்த வழியாகப் போயிற்று, எந்தக் கொக்கியில் தொங்கியது என்பது இடம் பார்க்கும்போது தேவைப்படும். பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவையுங்கள்.

2. மின்சுற்றுகளை எண்ணுங்கள்

இடத்தைப் பற்றிய வேலையை எண்ணிக்கையில் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் ஆறு ஃபியூஸ் பெட்டிக்குக் கிடைக்கும் இடம் வேறு, பன்னிரண்டு ஃபியூஸுக்கும் இரண்டு ரிலேக்கும் வேண்டிய இடம் வேறு. (ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்.)

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் சாவி இல்லாமலே வேலை செய்ய வேண்டியவை: ஹாரன், அபாய விளக்கு, உள்விளக்கு, பக்க விளக்குகள், தலைவிளக்குகள். மற்றதில் சாவி போட்டால் மட்டும் வேலை செய்ய வேண்டியவை: துடைப்பான், திருப்ப விளக்கு, பிரேக் விளக்கு, பெட்ரோல் பம்பு, குளிர்சாதனத்தின் காற்றாடி, வானொலி, கைப்பேசி மின்னேற்றி. ஒவ்வொன்றின் எதிரிலும் ஆம்பியரை எழுதுங்கள். வாட்டை 12ஆல் வகுத்தால் போதும். 55 வாட் தலைவிளக்கு ஒன்றுக்கு 4.6 ஆம்பியர், இரண்டுக்கும் சேர்த்து 9.2.

தலைவிளக்கில் இடது வலது இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் வையுங்கள். காராக் நெடுஞ்சாலையில் இரவு மழையில் ஒரு ஃபியூஸ் போனால் ஒரு விளக்காவது மிஞ்ச வேண்டும். பிரகாச ஒளி, தாழ் ஒளி என்று பிரித்தால் அதற்கு மட்டுமே நான்கு ஃபியூஸ்கள். இப்படிக் கணக்கிட்டால் மைனருக்கே பத்துக்கு மேல் வரும். மூன்று காலி இடமும் சேருங்கள்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. சந்தையில் கிடைக்கும் பல பெட்டிகளில் எல்லா ஃபியூஸுக்கும் உள்ளே ஒரே செப்புப் பட்டைதான். ஒரு வயர் கொடுத்தால் பன்னிரண்டுக்கும் மின்சாரம் போய்விடும். அதில் சாவிச் சுற்றையும் சாவியில்லாச் சுற்றையும் கலக்க முடியாது. எனவே தனித்தனியாக இரண்டு பெட்டிகள், அல்லது ஒவ்வொரு ஃபியூஸுக்கும் தனி நுழைவு உள்ள பெட்டி தேவை. அதற்கேற்பத்தான் தேடும் இடத்தின் அகலமும் இருக்கும்.

இன்னொன்று. பழைய பிரிட்டிஷ் கார்களின் மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருப்பதைப் பார்த்துப் புதிய தகட்டு ஃபியூஸிலும் (இரண்டு தட்டைக் கால் உள்ள பிளாஸ்டிக் வகை) 35 அல்லது 30 போடாதீர்கள். லூக்காஸ் எழுதியது ஃபியூஸ் உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, அதாவது 17 ஆம்பியர் அளவில். தகட்டு ஃபியூஸில் அதற்கு இணை 15. நீல நிறம் என்று நினைவில் வையுங்கள்.

3. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டி வரை ஓடும் வயரைக் காப்பாற்ற யாரும் இல்லை. அது எங்காவது தகட்டில் உரசித் தோல் உரிந்தால் பெட்டியில் இருக்கும் பன்னிரண்டு ஃபியூஸும் வேடிக்கைதான் பார்க்கும். அதனால்தான் "பெட்டியைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வை" என்று பலர் சொல்கிறார்கள். காரணம் சரி, தீர்வு தவறு.

சரியான தீர்வு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போல்ட் வைத்து இறுக்கும் வகை முதன்மை ஃபியூஸ் ஒன்றைப் போடுவது. பேட்டரிக்கு மின்னேற்றப் பழைய டைனமோவே வைத்திருக்கும் காருக்கு 40 ஆம்பியரும் 6 சதுர மி.மீ. வயரும் போதும். அதன் இடத்தில் ஆல்டர்னேட்டரும், கூடவே குளிர்சாதனமும் வந்துவிட்டால் 60 ஆம்பியரும் 10 சதுர மி.மீ. வயரும். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் இதன் வழியாகப் போகக்கூடாது. ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஃபியூஸ் அங்கேயே விடைபெறும்.

முதன்மை ஃபியூஸ் வந்த பிறகு பெட்டி எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்தச் சுதந்திரத்தை வாங்கிய பின்புதான் இடம் தேடும் வேலையே தொடங்குகிறது.

மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். மாற்றாமல் அப்படியே வைத்திருந்தால், முதன்மை ஃபியூஸ் எதிர்முனை வயரில் வர வேண்டும். எந்தக் காராக இருந்தாலும் உடலோடு சேராத வயரில்தான் ஃபியூஸ் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஃபியூஸ் பெட்டிக்கு நேர், எதிர் பேதம் கிடையாது. கைப்பேசி மின்னேற்றிக்கும் புதிய வானொலிக்கும் உண்டு.

மினியில் பேட்டரி பின்பெட்டியில் இருக்கிறது. தடித்த கேபிள் அடித்தளத்தின் கீழே ஓடி முன்னால் வருகிறது. பெட்டிக்கான வயரை முன்னால் உள்ள ஸ்டார்ட்டர் சொலினாய்டில் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) எடுத்து, முதன்மை ஃபியூஸை அங்கேயே வையுங்கள். பீட்டலில் பேட்டரி பின்னிருக்கையின் கீழே. இருக்கையின் ஸ்பிரிங் பேட்டரி முனையைத் தொட்டுத் தீப்பிடிப்பது அந்தக் காரின் பழைய வியாதி. ஃபியூஸ் பெட்டி பற்றி யோசிப்பதற்கு முன் பேட்டரிக்கு மூடி போடுங்கள்.

4. ஆகாத இடங்களை முதலில் அடித்துவிடுங்கள்

நல்ல இடம் எது என்று தேடினால் எல்லாமே நல்ல இடமாகத் தெரியும். ஆகாததை ஒவ்வொன்றாகக் கழித்தால் கடைசியில் இரண்டு மூன்றுதான் மிஞ்சும்.

எஞ்சின் அறை. தொழிற்சாலையே அங்கேதானே வைத்தது என்பார்கள். வைத்தது குளிர்நாட்டில், இரண்டே ஃபியூஸுக்கு. இங்கே பிற்பகல் நான்கு மணிக்குக் கொட்டும் மழையில் முன்சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் பானட்டுக்குள் எங்கெல்லாம் போகிறது என்று ஒருநாள் பாருங்கள். வெப்பமும் உண்டு. தகட்டு ஃபியூஸின் அளவு 25 பாகை செல்சியஸில் கணக்கிடப்பட்டது. சுற்றுப்புறம் சுடச்சுட அது எழுதியதைவிடக் குறைந்த ஆம்பியரிலேயே உருகும். நெரிசலில் நின்றால் மட்டும் போகும் ஃபியூஸ், வீட்டுக்கு வந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். இதைவிட எரிச்சலான கோளாறு கிடையாது.

ஓட்டுநர் காலடி. கிளட்ச், பிரேக் மிதிகளின் கைகள் அங்கே முன்னும் பின்னும் ஆடுகின்றன. மிதி முழுவதும் கீழே போகும்போது அதன் மேல்முனை எங்கே வருகிறது என்று குனிந்து பார்க்காமல் அந்தப் பக்கத்தில் எதையும் பொருத்தாதீர்கள்.

கதவுக்கு அருகில், தரையை ஒட்டிய பக்கத் தகடு. அழகாக மறைந்து உட்காரும், அதனால் பலருக்கும் ஆசை. கோலாலம்பூரில் திடீர் வெள்ளத்தில் முதலில் நனைவது கால்மிதி, அடுத்தது அந்த இடம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவைப் போல வீடே மூழ்கும் வெள்ளம் வந்தால் எந்த உயரமும் காப்பாற்றாது. நான் சொல்வது கணுக்கால் அளவு தண்ணீரை. அதற்குத் தப்ப முழங்கால் உயரம் போதும்.

முன்கண்ணாடியின் கீழ்மூலைகளுக்கு நேர் கீழே. ஐம்பது வயதான ரப்பர் பட்டை ஒழுகும். ஒழுகவில்லை என்பவர் இன்னும் பார்க்கவில்லை.

கூலிங் காயில் பெட்டியின் கீழே. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் ஊர்ப் பழைய கார்களில் பிற்பாடு சேர்த்த குளிர்சாதனம் உண்டு. அதன் காற்றைக் குளிர்விக்கும் சுருள் உள்ள காயில் பெட்டி பெரும்பாலும் டாஷ்போர்டின் அடியில், பயணி பக்கம் தொங்கும். மினி வைத்திருக்கும் தம்பி ஒருவர், காரை வெளியில் ஒரு பட்டறையில் கொடுத்து வயரிங் செய்திருந்தார். சமிக்ஞை விளக்கில் நின்றால் திருப்ப விளக்கு தானாகக் கண் சிமிட்டும் என்று வந்தார். கீழே படுத்துப் பார்த்தேன். காயிலின் தண்ணீர்க் குழாய் கழன்று, சொட்டு சொட்டாக ஃபியூஸ் பெட்டியின் மூடியில் விழுந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர். ஏழாவது ஃபியூஸை இழுத்தபோது அது வரவில்லை. ஆட்டி ஆட்டி எடுத்தால், இரண்டு கால்களிலும் களிம்பு படிந்த பித்தளைக் குத்துவிளக்கின் பச்சை. பெட்டியை மாட்டி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. குழாய் சரியாக இருந்தாலும் காயில் பெட்டியின் அடிப்பகுதி வியர்க்கும், மறந்துவிடாதீர்கள்.

பெட்ரோல் தொட்டி, பெட்ரோல் குழாய் இணைப்பு இருக்கும் அறை. ரிலே ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் உள்ளே சிறு பொறி பறக்கும். பீட்டலில் முன்புறத்தில்தான் தொட்டி. அந்தப் பொருளறையில் ஃபியூஸ் பெட்டியும் ரிலேயும் வேண்டாம்.

இருக்கையின் அடியிலும் வேண்டாம். குடையை அங்கேதான் போடுவீர்கள்.

5. நாளிதழ் விரித்துத் தண்ணீர்ச் சோதனை

மிஞ்சிய இடங்களை ஊகத்தால் நம்பாதீர்கள். டாஷ்போர்டின் கீழே, எஞ்சின் அறையை உள்ளறையிலிருந்து பிரிக்கும் தடுப்புத் தகட்டின் உள்பக்கம், டாஷ்போர்டின் அடியில் உள்ள பொருள் தட்டின் மேலும் அடியிலும் நாளிதழ்த் தாள்களை ஒட்டுத் தாளால் ஒட்டுங்கள். தரையிலும் விரியுங்கள். ஒருவர் வெளியே நின்று முன்கண்ணாடியிலும் அதன் கீழுள்ள காற்றுத் துளைகளிலும் பத்து நிமிடம் தண்ணீர் பாய்ச்சட்டும். பானட் மூடியிருக்க வேண்டும். பிறகு காரின் மூக்கைச் சரிவில் ஏற்றி நிறுத்தி இன்னொரு ஐந்து நிமிடம். சமதளத்தில் ஒழுகாத தண்ணீர் சரிவில் ஒழுகும்.

தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு சொட்டு விழுந்த இடம்கூட வட்டமாகக் கருத்துக் காட்டும். என் மைனரில் இடது மூலையிலிருந்து ஒரு ஈரக்கோடு, தலைப்புச் செய்தியின் நடுவே, நேராகக் கீழே இறங்கியிருந்தது. நான் மனத்தில் குறித்து வைத்திருந்த இடம் அந்தக் கோட்டிலிருந்து நான்கு விரல்தான் தள்ளி.

ஒழுகலை அடைக்கலாமே என்று கேட்பீர்கள். அடையுங்கள். ஆனால் அடைத்ததை நம்பிப் பெட்டியை அதன் கீழே வைக்காதீர்கள்.

அதே நாளில் வெப்பத்தையும் பார்த்துவிடுங்கள். நடுப்பகலில் செந்தூலிலிருந்து பத்துமலை வரை நெரிசலில் ஓட்டித் திரும்பியதும், நீங்கள் குறித்த இடத்தின் தகட்டில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து நொடி தாங்கவில்லை என்றால் அது ஏறத்தாழ 60 பாகை. அந்த இடத்தை அடித்துவிடுங்கள். புகைக்குழாய் கீழே ஓடும் பக்கத்தில் தரையும் தடுப்புத் தகடும் நினைத்ததைவிடச் சுடும்.

6. உட்கார்ந்து, எட்டிப் பாருங்கள்

ஃபியூஸ் போவது நல்ல வெளிச்சத்தில், வீட்டு வாசலில் என்று யாரும் வரம் தரவில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையின் ஓரத்தில், மழையில், லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போகும்போது போகும்.

மலேசியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பயணி பக்கத்துக் கதவு சாலையின் ஓரத்தை நோக்கித் திறக்கிறது, ஓட்டுநர் கதவு வாகனங்களை நோக்கித் திறக்கிறது. பெட்டி பயணி பக்கத்தில் இருந்தால் நீங்கள் ஓரத்தில் குந்தி வேலை பார்க்கலாம். ஓட்டுநர் பக்கத்தில் இருந்தால் உங்கள் முதுகு சாலையில் இருக்கும். இரண்டு இடங்கள் எல்லாவற்றிலும் சமமாக வந்தால் நான் எப்போதும் பயணி பக்கத்தையே எடுப்பேன்.

சோதனை எளிது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கையில் டார்ச், மறு கையில் ஒரு ஃபியூஸ். கதவைத் திறந்து வெளியே குந்தியபடி, தலையைக் காருக்குள் நுழைக்காமல், அந்த இடத்தைக் கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட முடிகிறதா? விரல் மட்டும் எட்டினால் போதாது. தடவிப் பார்த்து ஃபியூஸ் மாற்றுபவர் பக்கத்து ஃபியூஸை இழுப்பார்.

டாஷ்போர்டின் பொருளறைக்குள் பெட்டியை வைப்பதும் ஒரு வழி. உலர்ந்த இடம், எட்டும், பார்க்கவும் முடியும். ஆனால் அதற்குள் சாவிக்கொத்து, சில்லறைக் காசு, திருகாணி எல்லாம் வந்து சேரும். உலோகக் காசும் மூடியில்லாத முனையும் ஒரே அறையில் குடியிருக்கக்கூடாது. அங்கேதான் என்றால் நன்றாக மூடும் மூடியுள்ள பெட்டி வேண்டும்.

என் காரில் கடைசியில் தேறியது, பயணி பக்கத்துப் பொருள் தட்டின் அடியில், காரின் நடுவை நோக்கி, தடுப்புத் தகட்டிலிருந்து ஒரு கை அகலம் விலகிய இடம். குளிர்சாதனம் உள்ள கார்களில் காயில் பெட்டி அங்கே இருக்கும், அப்போது ஃபியூஸ் பெட்டி அதற்குப் பக்கவாட்டில் போக வேண்டும், கீழே அல்ல.

7. அட்டையில் ஒரு பெட்டி செய்யுங்கள்

இரண்டாம் படியில் எண்ணிய சுற்றுகளுக்கு ஏற்ற பெட்டிகளின் அளவைக் கடையில் அளந்து வந்து, அட்டையில் அதே அளவில் செய்யுங்கள். ரிலேக்களுக்கும் அட்டைத் துண்டுகள். வயர் முனைகள் நிற்கும் பக்கத்தில் 40 மி.மீ. கூட ஒட்டுங்கள். வயர் முனையிலிருந்து வளைந்து திரும்ப அவ்வளவு இடம் வேண்டும். இதை விட்டவர்கள்தான் பெட்டியை மாட்டிய பிறகு வயரை ஒடித்து மடக்குகிறார்கள். மூடியைத் திறக்கவும் ஃபியூஸை இழுக்கவும் முன்பக்கம் 60 மி.மீ.

அட்டையை இடத்தில் ஒட்டிவிட்டு ஒரு வாரம் காரை ஓட்டுங்கள். அலட்சியமாகச் சொல்லவில்லை. பயணியின் முழங்கால் இடிக்கிறதா, கைப்பை மாட்டுகிறதா என்பது மனைவியோ அம்மாவோ ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும். என் அம்மா இரண்டாம் நாளே அட்டையை மிதித்து நசுக்கிவிட்டார். பெட்டி ஒரு சாண் உள்ளே தள்ளிப் போயிற்று.

இப்போது பெட்டியை வாங்கலாம். புடுவில் ஜாலான் பாசார் பக்கம் போனால் வயர், முனை, ரிலே எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிக்கலாம். அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

8. கயிற்றால் நீளம் பாருங்கள்

பெட்டியின் இடத்திலிருந்து தலைவிளக்கு வரை, வயர் உண்மையில் ஓடப்போகும் வழியில் கயிற்றை ஓட்டுங்கள். நேர்கோட்டில் அல்ல. அளந்து நோட்டில் எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. இரண்டு தாழ் ஒளிகளுக்கும் சேர்த்து 9 ஆம்பியர். 2 சதுர மி.மீ. வயர் 4 மீட்டர் ஓடினால் வழியில் இழப்பது 0.3 வோல்ட்டுக்குச் சற்று மேல். சின்ன எண்தான். ஆனால் விளக்கின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாகக் குறையும், ஏறத்தாழ 8 விழுக்காடு போய்விடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் ஓட்டினால் இழப்பு பாதியாகும். தனி ஃபியூஸ் என்று முன்பே முடிவு செய்திருப்பதால் இது தானாகவே நடக்கிறது.

பெட்டியைப் பின்பெட்டியில் வைக்கும் யோசனை மினிக்காரர்களுக்கு வரும், பேட்டரி அங்கேதான் என்பதால். முன்னால் இருக்கும் பத்துச் சுற்றுகளுக்கும் பத்து வயர்கள் காரின் முழு நீளமும் ஓடி வர வேண்டும். கயிற்றைக் கையில் எடுத்ததும் அந்த யோசனை போய்விடும்.

9. தாங்கு தகடு

பெட்டியை நேரடியாகக் காரின் உடலில் திருகாதீர்கள். 2 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றில் இரண்டு பெட்டிகளையும் ரிலேக்களையும் வரிசையாகப் பொருத்தி, அந்தத் தகட்டைக் காரில் இரண்டு போல்ட்டுகளில் தொங்கவிடுங்கள். மேசையில் உட்கார்ந்து வயர் முனைகளைப் போடலாம், பிறகு கொண்டு போய் மாட்டலாம். தலைகீழாகப் படுத்துக் கண்ணில் துரு விழ வேலை செய்ய வேண்டியதில்லை. பழுது பார்க்கும்போது இரண்டு நட்டுகளைக் கழற்றினால் முழுத் தகடும் மடிக்கு வரும். அதற்காக எல்லா வயர்களிலும் 150 மி.மீ. தளர்வு விடுங்கள்.

பெட்டி நிற்கும் கோணம் முக்கியம். ஃபியூஸ்கள் உங்களைப் பார்க்க வேண்டும், வயர்கள் கீழிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து நுழையும் வயர், தண்ணீரை வழிநடத்தி உள்ளே கொண்டுவிடும். ரிலேயின் கால்களும் கீழ்நோக்கியே. மல்லாந்த நிலையில் வைத்தால் தூசும், நம் ஊரில் எறும்பும் பல்லி முட்டையும் சேரும்.

தகட்டை மாட்ட, உடலில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைத் தேடுங்கள். பொருள் தட்டைத் தாங்கும் போல்ட்டுகளே எனக்குப் போதுமாக இருந்தன. புதுத் துளை தவிர்க்க முடியாது என்றால், துளையிடுமுன் மறுபக்கம் போய்ப் பாருங்கள். முதல் காரில் நான் பார்க்கவில்லை. துடைப்பானின் கேபிள் ஓடும் குழாயில் டிரில் இறங்கியது. அந்தக் குழாய் டாஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடுகிறது என்று வரைபடத்தில் இருந்தது, நான்தான் வயரிங் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தானாகத் துளைக்கும் கூர்நுனித் திருகாணி வேண்டவே வேண்டாம். அதன் நுனி பின்னால் எந்த வயர்க் கட்டில் இறங்குகிறது என்று தெரியாது. போல்ட், வாஷர், நைலான் நட்டு. துளையின் விளிம்பில் துரு தடுப்புச் சாயம்.

சாவிச் சுற்றுகளின் பெட்டிக்கு மின்சாரம் ஒரு ரிலே வழியாக வரட்டும். ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: 30இல் முதன்மை வயர், 87இலிருந்து பெட்டிக்கு, 85க்கும் 86க்கும் சாவியின் வெள்ளை வயரும் எர்த்தும் (காரின் உடலோடு சேரும் வயர்). சாவியின் பழைய உள்முனைகள் முழுச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. நேர்முனை உடலோடு சேர்ந்த காரில், உள்ளே டயோடு இல்லாத ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள்.

10. தடுப்புத் தகட்டைக் கடப்பது

பழைய கட்டு போன துளையிலேயே போங்கள். புது ரப்பர் வளையம் கட்டாயம். வளையம் இல்லாத துளையின் விளிம்பு கத்தி, எஞ்சினின் அதிர்வு அதைப் பிடித்து அறுக்கும் கை. எஞ்சின் பக்கத்தில் வயர் துளைக்குள் நுழையுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

11. எர்த்துக்கும் அங்கேயே இடம்

தகட்டுக்கு அருகில், சாயம் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் ஒரு 8 மி.மீ. போல்ட். உள்ளறையின் எல்லாக் கறுப்பு வயர்களும் அதற்கே வரட்டும். அங்கிருந்து பேட்டரியின் எர்த் வரை தனியாக ஒரு தடித்த வயர். தேரைப் போலக் கனமான பழைய உடல்தானே, அதுவே எர்த் என்று விட்டுவிடாதீர்கள். துருப்பிடித்த மூட்டுகள் மின்சாரத்துக்குக் கதவை மூடுகின்றன.

12. வெட்டுமுன் ஒரு முறை முழுச் சுமை

வயர்களை நீளமாகவே விட்டு, எல்லாவற்றையும் தற்காலிகமாக இணையுங்கள். முனைகளைக் குறடால் அழுத்திப் பிடிக்கச் செய்ய வேண்டும், ஈயம் உருக்கி மட்டும் ஒட்டக்கூடாது. ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பில்தான் ஒடியும்.

எஞ்சினை ஓடவிட்டுத் தலைவிளக்கு, துடைப்பான், காற்றாடி, திருப்ப விளக்கு எல்லாவற்றையும் அரைமணி நேரம் போட்டுவையுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபியூஸையும் விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. ஒன்று மட்டும் சுட்டால் அதன் முனை தளர்ந்திருக்கிறது, அல்லது சுமை ஃபியூஸ் அளவின் முக்கால் பங்கைத் தாண்டுகிறது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து அந்த ஃபியூஸின் இரு காலுக்கும் இடையே பாருங்கள், பக்கத்து ஃபியூஸோடு ஒப்பிடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுப் பிரச்சினையை மூடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும்.

எல்லாம் சரியென்றால் முதன்மை ஃபியூஸைக் கழற்றிவிட்டு, வயர்களை அளவாக வெட்டி, துணிநாடா சுற்றிக் கட்டுங்கள். பழைய வயர்க் கட்டை இப்போதுதான் வெளியே எடுக்கலாம்.

13. மூடிக்குள் ஒரு சீட்டு

எந்த எண்ணில் எது, எத்தனை ஆம்பியர் என்று எழுதி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். பென்சிலில் எழுதுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பேனா மை ஆறு மாதத்தில் பரவிவிடும். நான் முதலில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் எழுதியிருந்தேன். ஒருமுறை தம்பி காரை எடுத்துப் போய், ஹாரன் போய்விட்டதென்று வழியிலிருந்து அழைத்து, "அண்ணே, இதில் எது எது என்று ஒன்றும் புரியவில்லை" என்றான். இப்போது "4 – ஹாரன் – 15 நீலம்" என்று தமிழில் இருக்கிறது. சீட்டுக்குக் கீழே 10, 15, 20 ஆம்பியர் ஃபியூஸ்களில் இரண்டிரண்டு, ஒட்டுத் தாளில் சுற்றியபடி.